பூச்சியை ஒழித்துப் பறவையைத் தேடுதல்

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, அதாவது பொங்கலையொட்டிய நாள்களில் பொதுமக்கள் குறைந்தது 15 நிமிடம் பறவைகளை நோக்கிப் பதிவுசெய்யும் முயற்சி, வீட்டுத் தோட்டத்துக்கும் இடமளித்து நடைபெறுவதால், ஆண்டு முழுதும் புழுக்களுக்கு மருந்தடித்துச் சிலந்திவலைகளை ஒட்டடையெனத் துடைத்தெறிந்த குடும்பத் தலைவர், தை பிறந்ததும் கழுத்தில் பைனாகுலருடன் நின்று, பறவைகளின் நன்றியின்மையை நொந்துகொள்கிறார். இலையின் ஓரங்களைப் பஞ்சாலும் சிலந்தி நூலாலும் தைத்து அதற்குள் கூடமைக்கும் தையல்சிட்டு அந்த நூலுக்கு எங்கே போகும் என்று அவர் வினவுவதில்லை. தேன்சிட்டு, பெயருக்கு மாறாக, தன் குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் பூச்சிகளையே ஊட்டுகிறது என்பதும் அவருக்கு வேண்டாத செய்தி. ஆகவே அவரது பட்டியலில் எஞ்சுவது காகம் மட்டுமே. அதுவும், பொங்கலின் மறுநாள் பறவைகளுக்கென வைக்கப்படும் கனுப்பிடிச் சோற்றுக்காக வந்ததேயன்றி, தோட்டத்தை நாடி வந்ததன்று.