விடிய விடியப் பதில்

திரௌபதி அம்மன் திருவிழாவுக்குப் பாரதக் கூத்து நடக்கிற ஊரில் பத்து ராத்திரியும் போய் உட்காருகிறீர்களே, கதை தெரியாதா உங்களுக்கு? – செய்யாறு வாசகர்

தெரியாமலா? பகலில் பிரசங்கியார் சொன்னதைத்தானே ராத்திரி ஆடுகிறார்கள். துரியோதனன் சாகப்போவது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இந்த வருஷம் அதை எப்படி ஒத்துக்கொள்ளாமல் ஆடுகிறான் என்று பார்க்கத்தான் போகிறேன்.

டிக்கெட் எவ்வளவு? – சென்னை வாசகர்

தரை இலவசம். பாய் உங்களுடையது.

ராத்திரி பத்துக்குத் தொடங்கினால் விடிந்துதான் முடிகிறது. நடுவில் எப்போது தூங்கலாம்? – அதே சென்னை வாசகர்

கோமாளியான கட்டியக்காரன் பேசும்போது தூங்கினால் நஷ்டம். திரைப் பிரவேசத்தில் தூங்கினால் பாவம். இரண்டு பேர் துணியைப் பிடித்து நிற்பார்கள். மேலே கிரீடத்தின் உச்சி ஆடும், கீழே சலங்கைக் கால் தெரியும். நடுவில் இருக்கிற முகத்துக்காக ஊரே கழுத்தை நீட்டும். போன சித்திரையில் எனக்குப் பக்கத்தில் ஒரு தாத்தா பாதிக் கூத்தைக் குறட்டையிலேயே பார்த்தார். முகவீணை சுருதி விலகியபோது மட்டும் கண்ணைத் திறந்து முறைத்தார். அந்தத் தூக்கம் வர அறுபது வருஷப் பழக்கம் வேண்டும்.

மனைவியோடு பார்க்க ஏற்ற கூத்து? – ஆரணி வாசகர்

கர்ண மோட்சம். போருக்குப் புறப்படும் கர்ணனை மனைவி பொன்னுருவி குலம் கேட்டுக் குடைகிற குடைச்சலில் ஆண்கள் பக்கம் கப்சிப். வீடு திரும்பும்வரை நீங்களும் அப்படியே இருங்கள்.

அர்ச்சுனன் தபசில் மரம் ஏற எனக்கும் ஆசை. – வந்தவாசி வாசகர்

பாடிக்கொண்டே உச்சிவரை ஏறி, அங்கிருந்து எலுமிச்சம்பழமும் வீச வேண்டும். கீழே பிள்ளை வரம் கேட்டு மடியேந்தும் பெண்கள். முதலில் மாடிப்படியில் பாடிப் பாருங்கள்.

துச்சாதனன் வேஷக்காரர் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்ட பிறகே சேலையைத் தொடுகிறார். நடிப்புதானே, எதற்குப் பயம்? – போளூர் வாசகர்

எதிரே சேலையில் நிற்பவர் ஆண் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் கோயிலுக்குள் இருப்பவளும் திரௌபதிதானே! வேஷம் கலைத்ததும் அவர் அந்த வாசலைத் தாண்டித்தான் பஸ் ஏற வேண்டும்.

துரியோதனனை வீழ்த்தும் படுகளத்தன்று கிட்டே நின்றேன். சட்டையெல்லாம் சிவப்புக் கறை! – திண்டிவனம் வாசகர்

களிமண் உருவமாய் மல்லாந்து கிடக்கும் துரியோதனனின் தொடைப் பக்கம் போய் யார் நிற்கச் சொன்னது? பீமன் அடித்தால் உள்ளே வைத்த சிவப்புத் தண்ணீர் தெறிக்கத்தான் செய்யும். திரௌபதி கூந்தல் முடிந்தபின் பெண்கள் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். நீங்கள் சட்டையிலேயே கொண்டுவந்துவிட்டீர்கள். துவைக்கும் முன் வீட்டுப் பெரியவர்களை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.