கேலரிக்கும் கோலுக்கும் நடுவே

கேள்வி: ஸ்லோவாகியாவில் கால்பந்து மைதானத்துக்குள்ளேயே ரயில் ஓடுகிறதாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். சியெர்னி பலோக் என்ற சின்ன ஊர். டட்ரான் என்ற கிளப். கேலரிக்கும் புல்தரைக்கும் நடுவே, 76 சென்டிமீட்டர் அகலத்தில் குட்டித் தண்டவாளம். காட்டு மரம் சுமக்க 1909-இல் ஓடத் தொடங்கிய ரயில். 1982-இல் மூட்டை கட்டினார்கள், ஆர்வலர்கள் விடவில்லை. 1992-இல் சுற்றுலா ரயிலாகத் திரும்பிவிட்டது. 2015-இல் ஒரு வீடியோ வந்த பிறகுதான் உலகத்துக்கே விஷயம் தெரிந்தது. ஆட்டம் பாட்டுக்கு நடக்கும். நீராவி எஞ்சின் பாட்டுக்குப் புகைவிட்டபடி நகரும். நடுவர் ஊதினாரா, எஞ்சின் ஊதியதா என்று ஆட்டக்காரர்கள் குழம்பாமல் இருந்தால் சரி. ரயில் மறைத்த நேரத்தில் கோல் விழுந்துவிட்டால்? கேலரிக்காரர் ஜன்னலோரப் பயணியைத்தான் கேட்க வேண்டும்: “யார் சார் அடிச்சது?”