போனவர் புராணம்

மே 31 நள்ளிரவோடு இந்தியக் கால்பந்து வீரர்கள் பலருடைய ஒப்பந்தம் முடிகிறது. ஜூன் 1 காலை, பெங்களூரு பிரேசர் டவுன் மாஸ்க் ரோடு டீக்கடையில் ரசிகரான நம்மவர் இழவு காக்க உட்கார்ந்துவிடுகிறார். பெங்களூரு எஃப்.சி.யை விட்டு யார் போனாலும் சரி, அந்த ஆட்டக்காரரின் அருமை அன்று காலையில்தான் இவருக்குப் புலப்படும். முந்தின நாள் வரை அதே ஆள் "காலா அது, கடப்பாரையா?" என்று கேட்கப்பட்டவர். செத்தவரை நல்லவர் என்று சொல்ல ஊர் பதினாறாம் நாள் வரைக்கும் காத்திருப்பதில்லை. நம்மவருக்குச் சாவுகூட வேண்டாம், கிளப் 'நன்றி, சென்று வருக' என்று ஒரு படம் போட்டால் போதும். உதாந்தா சிங் 2014 முதல் 2023 வரை இங்கே வலது ஓரத்தில் ஓடினார். ஓடின காலமெல்லாம், அவர் பந்தை விட்டுவிட்டுக் கண்டீரவா வாசலைத் தாண்டிக் கஸ்தூர்பா ரோட்டில்தான் போய் நிற்பார் என்பது நம்மவரின் நிரந்தர நகைச்சுவை. அவர் எஃப்.சி. கோவாவுக்குப் போனதும் அந்த நகைச்சுவை ஒரே இரவில் வாபஸ் ஆனது. "அந்த ஸ்பீடு இனிமே யாருக்கு வரும் மச்சா? அவன இன்னாத்துக்கு உட்டாங்க?"

போனவர்களைப் பற்றிய இந்தப் புராணத்துக்கு அத்தியாயங்கள் ஏராளம். போனவர் புது அணியில் கோல் போட்டால் அது கிளப்பின் அறிவீனத்துக்குச் சாட்சி. கோல் போடாவிட்டால், "அங்க அவனுக்கு பாஸ் கொடுக்க ஆள் இல்ல" என்பது அவருக்குச் சாட்சி. காயம்பட்டு வெளியே உட்கார்ந்தால், நம்ம பிசியோ இருந்திருந்தால் இப்படி ஆகுமா என்ற கேள்வி. ஆக, போனவர் தோற்கவே முடியாது. வருகிறவர் பாடுதான் திண்டாட்டம். வயது முப்பதைத் தாண்டினால் ஓய்வூதியத்துக்கு வந்தவர், இருபதுக்குக் கீழே என்றால் செலவு மிச்சம் பிடிக்க எடுத்தவர், இரண்டுக்கும் நடுவில் இருந்தால் யாரோ வேண்டாமென்று கழித்துவிட்டவர்.

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஆவணங்கள் அவர் பக்கம் நிற்கின்றன என்பதுதான் எரிச்சல். 2022-இல் கிளெய்ட்டன் சில்வா இங்கிருந்து ஈஸ்ட் பெங்கால் போனார். அந்த இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) சீசனில் 12 கோல் அடித்து அதிக கோல் அடித்தவர்கள் வரிசையில் கூட்டாக முதலிடம். 2023-இல் ராய் கிருஷ்ணா ஒடிசாவுக்குப் போனார். 13 கோல், மறுபடியும் கூட்டாக முதலிடம். எல்லாவற்றையும்விடக் கொடுமை ராகுல் பேக்கே. 2019 மார்ச்சில் கோவாவுக்கு எதிரான இறுதியாட்டத்தில், கூடுதல் நேரத்தில் தலையால் முட்டி ஐ.எஸ்.எல். கோப்பையைக் கொண்டுவந்தவர். 2021-இல் மும்பை சிட்டிக்குப் போனார். 2022 ஏப்ரலில் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் ஓர் இந்திய அணி பெற்ற முதல் வெற்றியின் வெற்றி கோல் அவருடையது. எதிரே நின்றது யார்? ஈராக்கின் விமானப்படை அணி. 2016 நவம்பரில் தோஹாவில், ஏ.எஃப்.சி. கோப்பை இறுதியாட்டத்தில் பெங்களூரை 1-0 என்று வீழ்த்திய அதே அணி. நம் பழியை நம் ஆள் மும்பைச் சட்டையில் தீர்த்தால் ஒரு மனிதன் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா? நம்மவர் இரண்டையும் செய்தார் என்றால் குறை சொல்ல நியாயமில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. போன பின் மின்னிய மூன்று பேரை மனப்பாடமாக ஒப்பிக்கிறவர், போன பின் பெஞ்சில் காணாமல் போன முப்பது பேருக்குக் கணக்கே வைப்பதில்லை. கிளப்பின் லட்சியத்தைப் பற்றி அவர் பேசுவதும் இதே லட்சணம்தான். 2022 கோடையில் கிளப் துணிந்து இறங்கியது. மோகன் பகானிலிருந்து ராய் கிருஷ்ணா, சந்தேஷ் ஜிங்கன், பிரபீர் தாஸ் என மூவர் வந்தார்கள். ஆஷிக் குருணியன் அங்கே போனார். உடனே நம்மவர், "நம்ம பசங்க எங்க? காசக் கொட்டுனா டீம் ஆயிடுமா?" என்றார். அந்த சீசனில் டூரண்டு கோப்பை வந்தது. இறுதியாட்டத்தில் ஒரு கோல் நம்ம பையன் சிவசக்தி நாராயணனுடையதுதான், தமிழ்நாட்டுக்காரர். ஐ.எஸ்.எல். இறுதியில் அதே மோகன் பகானிடம் பெனால்டியில்தான் தோற்றார்கள். அடுத்த ஆண்டு அந்த மூவரும் கிளம்பினார்கள், அணி பன்னிரண்டில் பத்தாவது இடம். இப்போது அவர், "காசு செலவு பண்ண மனசில்லாதவன் எதுக்கு கிளப் நடத்தணும்?" என்றார். இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் ஒரு வருஷம் மட்டுமே இடைவெளி, வெட்கம் இல்லை.

இந்த முரண்பாடு அவராக உண்டாக்கிக்கொண்டது என்று நான் நினைக்கவில்லை. 2013-இல் பிறந்த கிளப், முதல் ஆறு சீசனில் ஆறு கோப்பை கொடுத்தது. ஐ-லீக், ஃபெடரேஷன் கோப்பை, மறுபடி ஐ-லீக், மறுபடி ஃபெடரேஷன் கோப்பை, சூப்பர் கோப்பை, ஐ.எஸ்.எல். என வருஷத்துக்கு ஒன்று, வருமான வரி மாதிரி தவறாமல். அப்படி ஊட்டி வளர்க்கப்பட்டவருக்கு வெறும் வருஷம் என்பது அநீதியாகத்தான் படும். இதற்கும் பின்னால் ஊரின் பழைய வடு ஒன்று இருக்கிறது. ரோவர்ஸ் கோப்பையை 1937-இல் முதன்முதலாக வென்ற இந்திய அணி பெங்களூர் முஸ்லிம்ஸ். ஆனால் இங்கே விளைந்தது இங்கே தங்கியதில்லை. இந்த ஊரில் பந்து பழகிய அகமது கானும் தன்ராஜும் கல்கத்தா போய் ஈஸ்ட் பெங்காலில் பஞ்சபாண்டவர்கள் என்று பேரெடுத்த ஐவரில் இருவரானார்கள். பிரேசர் டவுனுக்குப் பக்கத்து அல்சூரில் பீலேவுக்குச் சிலை வைத்த கௌதமபுரத்துத் தமிழ்க் குடும்பங்களைக் கேட்டால், வீட்டுக்கு ஒரு ஆட்டக்காரர் வெளியூர் போன கதை கிடைக்கும். அரை நூற்றாண்டுக்கும் மேலாக வழியனுப்பிப் பழகிய கன்டோன்மென்ட் அது. போனவன்தான் பெரியவன் என்ற நம்பிக்கை அங்கே ரசிகரின் கிறுக்கு என்பதைவிட அனுபவம் என்பதே பொருத்தம்.

கிளப் ஒரு தொழில், வருஷா வருஷம் நஷ்டம், டிக்கெட் வாங்குகிறவருக்கு முதலாளியின் பையில் கைவிட என்ன உரிமை என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி சரி. ஆனால் விலை தெரியாத சந்தையில் நிற்பவரிடம் நிதானத்தை எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்? இந்திய கிளப்புகள் ஒரு வீரரை என்ன தொகைக்கு விற்றோம், என்ன சம்பளத்துக்கு எடுத்தோம் என்று பெரும்பாலும் சொல்வதே இல்லை. சொல்லாத இடத்தில் வதந்தி உட்கார்ந்துகொள்கிறது. 2025 ஆகஸ்டில், லீக் நடக்குமா என்பதே தெரியாமல், முதல் அணியின் வீரர்களுக்கும் பணியாளர்களுக்கும் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்திவைப்பதாக இதே கிளப் அறிவித்தது. கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் கிடந்ததுதான் காரணம். ரசிகருக்கு அதில் எந்தக் கையும் இல்லை. யாரை வாங்கலாம் என்று சண்டை போட்டவருக்கு, இருப்பவர்களுக்கே சம்பளம் உண்டா என்று தெரியாமல் போனது. அந்த மாதம் நம்மவர் புராணம் பாடவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அது அவருக்கு நான் தரும் மதிப்பெண்.

மற்ற மாதங்களில் அவரோடு மேற்கு ஸ்டாண்டில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பது வதை. களத்தில் இருக்கிற பதினோரு பேரைப் பார்க்காமல் இல்லாத பதினோரு பேரைப் பார்ப்பவர் அவர். சுனில் சேத்ரிக்கு மட்டும் அவரிடம் அத்தியாயமே கிடையாது. 2013-இல் இங்கே வந்தவர், 2024-25-இல் நாற்பது வயதில் 14 கோல் போட்டு அணியை இறுதியாட்டம் வரை கூட்டிப்போனவர். போகாத ஆளைப் புகழ நம்மவருக்கு வழி தெரியவில்லை. பேக்கே விஷயத்திலாவது மனசு குளிர்ந்திருக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. 2024 மே மாதம் மும்பையின் கேப்டனாக ஐ.எஸ்.எல். கோப்பையைத் தூக்கிவிட்டு, அதே கோடையில் பேக்கே பெங்களூருக்கே திரும்பினார். மூன்று வருஷம் அவருக்காக அழுதவர், செய்தி வந்த மாலையே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "முப்பத்து மூணு வயசுல இவன எதுக்குக் கூட்டினு வந்தாங்க?"