நிலவுக்கு வெறும் 0.12 தானா?

கேள்வி: முழுநிலவு இப்படிப் பளீரென்று காய்கிறது, அதன் ஆல்பிடோ 0.12 தான் என்கிறார்களே, நம்பலாமா?

பதில்: தாராளமாக நம்பலாம், நிலவின் உண்மை நிறம் கருஞ்சாம்பல். விழும் ஒளியில் எவ்வளவு பங்கு திரும்பிப் போகிறது என்பதே ஆல்பிடோ. புதுப் பனிக்கு அது 0.8ஐத் தாண்டும்; நிலவோ தேய்ந்த தார்ச் சாலைக்குச் சமம். சுற்றிலும் கும்மிருட்டு இருப்பதால்தான் நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. 2015 ஜூலையில் டிஸ்கவர் விண்கலம் சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து, பூமிக்கு முன்னால் நிலவு கடந்துபோவதைப் படம்பிடித்தது. ஆல்பிடோ 0.3 உள்ள பூமியின் வெண்மேகங்களுக்கு முன்னே நிலவு மங்கி, அழுக்கேறிக் கிடக்கிறது. இதைவிட நேரடிச் சாட்சி வேண்டுமா?

"சனியின் துணைக்கோள் என்செலடஸுக்கு 1.3க்கு மேல் போடுகிறார்களே, வாங்கியதைவிட அதிகமாகத் திருப்பித் தருமா?" என்று அடுத்து மடக்கலாம். தராது. அது வடிவியல் ஆல்பிடோ: சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கையில் தெரியும் பளபளப்பை, எல்லாத் திசையிலும் சீராக ஒளி சிதறும் அதே அளவு வெண்தட்டோடு ஒப்பிடும் கணக்கு. என்செலடஸின் பனித்தூள் வந்த திசைக்கே கூடுதலாக ஒளியை அனுப்புவதால் எண் 1ஐத் தாண்டுகிறது. எல்லாத் திசைகளையும் கூட்டும் பாண்ட் ஆல்பிடோ ஒருபோதும் 1ஐத் தாண்டாது; கோளின் வெப்பநிலையைக் கணக்கிட உதவுவது அதுதான். எனவே எண்ணைச் சொல்பவர் எந்த ஆல்பிடோ என்பதையும் சொல்லியே தீரவேண்டும். நிலவுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுவதால் அங்கே குழப்பம் வெளியே தெரிவதில்லை.