வாத்தியமின்றிப் பாடும் கல்லூரிக் குழுக்களைக் கலைக்களஞ்சியத்தில் ஏற்றும் முறைமை: கும்பளங்கியிலிருந்து ஓர் ஆய்வுரை

வாத்தியம் எதுவும் இல்லாமல் தொண்டையை மட்டுமே நம்பிப் பாடும் கல்லூரிக் குழுவை அகாபெல்லா குழு என்பர். அத்தகைய குழு விக்கிப்பீடியாவில் இடம்பெறத் தகுதி யாது என்பதே இவ்வாய்வின் பொருள். கொச்சிக்குத் தெற்கே காயல் சூழ்ந்த கும்பளங்கி ஆய்வுக்களமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 2019இல் ‘கும்பளங்கி நைட்ஸ்’ திரைப்படம் வந்த பிறகு இவ்வூரின் பெயரைச் சொன்னால் ஏன், எதற்கு என்று ஆய்வு நெறியாளர் கேட்பதில்லை. கரிமீன் நன்றாகக் கிடைப்பது துணைக் காரணம் மட்டுமே.

முதற்கண் எல்லை வகுக்க வேண்டும். சொடுக்குப் போடுதல் ஏற்கத்தக்கது, விரல் உடலுறுப்பு. பெஞ்சைத் தட்டுதல் ஏற்கத்தக்கதன்று. பெஞ்சு கல்லூரியின் சொத்து. பேருந்தின் பின்னிருக்கையில் நின்றபடி கூரைத் தகரத்தில் தாளம் போடும் மாணவர் கூட்டம், இவ்விதிப்படி, தாளவாத்தியக் குழுவாகிவிடுகிறது. டிக்கெட் கேட்கும் நடத்துநரின் விசில் பக்கவாத்தியமா என்பது தனி முனைவர் பட்டத்துக்குரியது.

இனி விதி. ஒரு குழு எவ்வளவு நன்றாகப் பாடுகிறது என்பது கலைக்களஞ்சியத்துக்குப் பொருட்டன்று. குழுவோடு தொடர்பில்லாத யாரோ, நம்பத்தக்க இடத்தில், அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். சொந்தத் துண்டறிக்கை செல்லாது. குழுவினரே தம் கட்டுரையை எழுதுவது அழகன்று. ஐயம் எழுந்தால் ஆங்கில விக்கிப்பீடியாவில் வழக்கமாக ஒரு வாரம் நீக்கல் விவாதம் நடக்கும். அங்கே பஞ்சமம் பிசகலாம், அடிக்குறிப்பு பிசகக் கூடாது.

அமெரிக்கர்களுக்கு இது எளிது. யேல் பல்கலைக்கழகத்தின் விஃபன்பூஃப்ஸ் குழு 1909இலேயே தொடங்கிவிட்டது. இதில் பாடும் 14 பேரும் ஆண்டுதோறும் மொத்தமாக மாறுகிறார்கள் என்பதால், கட்டுரை உண்மையில் யாரைப் பற்றியது என்ற தத்துவச் சிக்கலை அவர்கள் யாரும் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. நம்மவர் வகையில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பென் மசாலா உண்டு. 1996இல் தொடங்கியது; இந்திப் பாட்டையும் ஆங்கிலப் பாட்டையும் ஒரே மூச்சில் கலந்து பாடி, 2009இல் வெள்ளை மாளிகைத் தீபாவளிக்குப் போனது; 2015இல் ‘பிட்ச் பெர்ஃபெக்ட் 2’ படத்திலும் தலைகாட்டியது. அதிபர் மாளிகையில் பாடியவரின் தகுதியை ஐயுற யாருக்குத் துணிவு வரும்?

தமிழ் ஆய்வாளனுக்கு இவ்விடத்தில் ஒரு கடமை உண்டு: நாமே முதல் என்று நிறுவுவது. குரல்களை மட்டுமே கொண்டு ஏ.ஆர்.ரஹ்மான் அமைத்த ‘ராசாத்தி’ பாடல் ‘திருடா திருடா’வில் வந்தது 1993இல். பென் மசாலாவுக்கு மூன்றாண்டு மூத்தது. கடமை முடிந்தது, மேலே செல்வோம்.

நம் கல்லூரிக் குழுக்களின் உண்மையான இடர், ஆயுள். பட்டப்படிப்பு மூன்றாண்டு. முதலாண்டில் கூச்சம், மூன்றாம் ஆண்டில் வேலை தேடல். இடையில் ஓராண்டு பாட்டு. குழுவின் நீண்ட நினைவைச் சுமப்பவர் ஒருவரே: அரியர் வைத்திருப்பவர். எந்த ஆண்டு எந்தக் கல்ச்சுரல்ஸில் மின்சாரம் போய், அதனால் வாத்தியமின்றிப் பாடிப் பரிசு வாங்கினார்கள் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அவரும் ஒருநாள் தேறிவிடுகிறார். ஆவணக் காப்பகம் அன்றோடு மூடப்படுகிறது.

இதற்கு மாற்று உண்டா என்று தேடியபோது, களத்துக்கு அருகிலேயே, மட்டாஞ்சேரியில், ஒன்று கிடைத்தது. கல்லூரி அன்று; ஆனால் எல்லாக் கல்லூரிகளையும் விஞ்சியது. கொச்சி யூதப் பெண்கள் கல்யாண வீடுகளிலும் பண்டிகைகளிலும் கூடி மலையாளப் பாட்டுகள் பாடுவார்கள். பாட்டுகளை நோட்டுப் புத்தகங்களில் கையால் எழுதி வைத்தார்கள். ஒருத்தியின் நோட்டைப் பார்த்து இன்னொருத்தி படியெடுத்தாள். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் புறப்பட்டபோது நோட்டுகளும் கூடப் போயின. பின்னாளில் பார்பரா ஜான்சன், ஸ்கறியா ஸக்கறியா போன்ற ஆய்வாளர்கள் அவற்றைத் திரட்டி ஒப்பிட, 2005இல் ‘கார்குழலி’ என்ற தொகுப்பு வந்தது. அடிக்குறிப்புக்குக் குறைவில்லை.

கவனிக்க: அந்த நோட்டுகளில் இருந்தது பாட்டு. கல்லூரிக் குழுவினர் தமக்குத் தாமே எழுதும் கட்டுரைகளில் இருப்பதோ பரிசுப் பட்டியல், முன்னாள் உறுப்பினர் பட்டியல், ‘நகைச்சுவை உணர்வுக்குப் பெயர்பெற்ற குழு’ என்ற சான்றில்லா வரி. என்ன பாடினார்கள், கீழ்க்குரலை யார் எடுத்தார், எந்தப் பாட்டை எப்படிப் பிரித்தார்கள் என்று எழுத ஏனோ கை வருவதில்லை. இவ்வாய்வில் கேலியாகச் சொல்லாத பத்தி இது ஒன்றுதான்.

பாட்டை எழுதி வைக்கும் வரை இடைக்கால ஏற்பாடாக ஒரு பரிந்துரை. குழுவோடு தொடர்பில்லாத, குழுவின் மீது துளியும் பரிவில்லாத ஒருவர், தேதியும் நேரமும் இட்டு, முத்திரையோடு எழுதும் ஆவணம் ஒன்று எல்லாக் கல்லூரிகளிலும் உண்டு: ‘இரவு பதினொரு மணிக்கு மேல் மூன்றாம் மாடியில் கூட்டமாகக் கத்தியது குறித்து’ என விடுதிக் காப்பாளர் ஒட்டும் அறிவிப்பு. நடுநிலை என்ற அளவுகோலில் மட்டும் சிறு தடங்கல் எழலாம். அதைப் பேச்சுப் பக்கத்தில் தீர்த்துக்கொள்ளலாம்.