ஸ்ட்ரைக் காலேஜ்

1998-ல் நான் பிளஸ் டூ முடித்தபோது, கும்பகோணத்தில் எங்கள் தெருவுக்கென்று ஒரு கல்லூரித் தரவரிசை இருந்தது. கிண்டியிலோ திருச்சி ஆர்.இ.சி.யிலோ இடம் கிடைத்தவனை வீடு தேடி வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அடுத்த இடம், ஊர் ஊராக பஸ் விட்டு, டை கட்டச் சொல்லி, பையனும் பெண்ணும் பேசினால் அபராதம் போடும் தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கு. 'கண்டிப்பான காலேஜ்' என்ற பெயரே அப்பாக்களுக்குப் போதும். கடைசி இடம் காவிரிக் கரையில் இருக்கும் அரசு கலைக் கல்லூரிக்கு. தெருவில் அதற்குப் பெயர் 'ஸ்ட்ரைக் காலேஜ்'.

1854-ல் தொடங்கிய கல்லூரி அது. ஒரு காலத்தில் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்றார்கள். 1904-ல் உதவித்தொகையோடு சேர்ந்த ராமானுஜன், கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தேறாமல் அதை இழந்ததும் அங்கேதான்.

அப்பா பி.எஃப். கடன் போட்டு என்னை பஸ் விடும் கல்லூரி ஒன்றில் சேர்த்தார். நுழைவுத்தேர்வையும் சேர்த்து 300-க்குப் பார்த்த கட்-ஆஃப் போதாமல், சித்தப்பா மகன் அரசு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தான். "பாவம், புள்ளைக்கு வேற வழியில்ல" என்றார்கள்.

இரண்டாம் ஆண்டில் எங்களுக்குக் கணக்கு எடுக்க வந்தவர் முந்தைய மே மாதம்தான் படிப்பை முடித்தவர். கைடைப் பார்த்துப் பலகையில் எழுதுவார், நாங்கள் நோட்டில் எழுதுவோம். கேள்வி கேட்டால் அவர் முகம் வாடிவிடும், அதனால் கேட்பதை விட்டுவிட்டோம். ஃபூரியர் தொடரில் நான் அரியர் வைத்தேன்.

சித்தப்பா மகன்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய பேராசிரியர் வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனான். ஓய்வுபெறச் சில வருஷமே இருந்த மனிதர். திண்ணையில் உட்கார வைத்து, சிலேட்டில் ஒரு சைன் அலை வரைந்தார். அதன்மேல் இன்னொன்றைக் கூட்டினார், பிறகு இன்னொன்று. வளைவுகள் சேரச் சேர ஒரு சதுர அலை எழுந்து வந்ததைக் கண்ணால் பார்த்தேன். எத்தனை அலை கூட்டினாலும் மூலையில் மட்டும் கோடு கொஞ்சம் துள்ளி மேலே போகும், அது ஏன் அடங்குவதில்லை என்று அரை மணி நேரம் சொன்னார். மாமி காபி கொண்டுவந்து வைத்து ஆறிப்போனது. பணம் என்ற பேச்சே இல்லை. "அடுத்த ஞாயிறும் வாப்பா" என்றார். அந்த அரியரை அவர்தான் பாஸ் பண்ணவைத்தார் என்று இன்றும் சொல்வேன்.

இப்போது அதே தெருவில் காற்று மாறியிருக்கிறது. 2007-லிருந்து தமிழ்நாட்டில் பொறியியலுக்கு மாநில நுழைவுத்தேர்வு இல்லை. 2023-ன் மத்திய அரசுத் தரவரிசையில் சென்னை மாநிலக் கல்லூரி கல்லூரிகளுக்குள் மூன்றாம் இடம் பிடித்தது. 2024-ல் ஊழலுக்கு எதிராக இயங்கும் அறப்போர் இயக்கம், பொறியியல் கல்லூரிகள் பலவற்றின் கணக்கில் ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் வேலை பார்ப்பதாகக் காட்டப்பட்டிருந்ததை வெளியே கொண்டுவந்தது. அன்று 'பாவம்' என்ற பெரியவரே இன்று என்னிடம், "தம்பி, பேத்திக்கு கவர்மென்ட் காலேஜ்ல பி.காம். சீட்டுக்கு யாரையாவது தெரியுமா?" என்கிறார்.

சீட்டுக்குக் கூட்டம் வந்துவிட்டது. ஆனால் திண்ணையில் சிலேட்டோடு உட்கார்ந்த அந்த மாதிரி நிரந்தரப் பேராசிரியர்கள் ஓய்வுபெற்ற இடங்கள் பல, தமிழ்நாட்டு அரசு கல்லூரிகளில் நிரப்பப்படாமல் கிடக்கின்றன. கௌரவ விரிவுரையாளர்களை வைத்து வகுப்பு நடக்கிறது. அவர்களுக்கு வருஷத்தில் பதினோரு மாதச் சம்பளம், மே மாதம் கிடையாது. என் கோபமெல்லாம் இதில்தான். ஆசிரியர் இருந்தபோது ஊர் மதிக்கவில்லை. ஊர் மதித்து வரும்போது ஆசிரியருக்கு நாற்காலி இல்லை.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அப்படி ஒரு கௌரவ விரிவுரையாளர். கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கி, பத்து வருஷத்துக்கு மேலாக வேறு மாவட்டத்து அரசு கல்லூரி ஒன்றில் கற்பிக்கிறார். வகுப்பு முடிந்தும் சந்தேகம் கேட்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் வருகிறார். போன மே மாதம் அவர் வீட்டு மாடியில் பொறியியல் மாணவர்கள் சிலர் டியூஷனுக்கு வந்தார்கள். படிக்கட்டில் நின்று கேட்டேன்: சைன் அலைகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டிருந்தார்.