நொறுக்கியல்

இந்நூல் எடுத்துக்கொண்ட பொருள், இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவே சிறுபிள்ளைக்குத் தீனி வேண்டுமா என்பது. சிறுபிள்ளை எனப்படுவது ஒரு வயது நிறைந்து ஆறு வயது நிறையாத உயிர். அதற்குக் கீழே தாய்ப்பாலின் ஆட்சி. அதற்கு மேலே, பள்ளிக்கூட வாசல் கடையில் பத்து ரூபாயோடு நின்று தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் குடிமகன். இரண்டும் நம் எல்லைக்கு அப்பால்.

'வேண்டும்' என்று ஒற்றைச் சொல்லில் விடை சொல்லி நூலை முடித்திருக்கலாம். ஆனால் அந்த விடை எல்லா வீட்டுக்கும் முன்பே தெரியும். தெரிந்தும் ராத்திரி எட்டு மணிக்குத் தோசைத் தட்டுக்கு முன்னால் தினம் ஒரு போர் நடக்கிறது. விடை சரி, விளைவு கோணல் என்றால் குற்றம் வகைப்பாட்டில்தான் இருக்க வேண்டும். ஆகவே வகுக்கத் தலைப்பட்டோம்.

முதலில் வயிறு. பிள்ளையின் இரைப்பை, உடல் எடையில் கிலோ ஒன்றுக்குச் சுமார் 30 மில்லி கொள்ளும் என்பது மருத்துவர் கணக்கு. பத்துக் கிலோப் பிள்ளைக்கு 300 மில்லி, அதாவது நம் வீட்டு டம்ளரில் ஒன்றரை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட அளவுப்படி, 1 முதல் 3 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 1010 கலோரி வேண்டும். மூன்று வேளைக்குப் பங்கிட்டால் வேளைக்கு 337. நாம் ஊட்டுவதோ குழைய வடித்து, கையால் மசித்து, ரசம் விட்டுத் தளர்த்திய சோறு. நெய்க் கரண்டி தாராளமாக இறங்காவிட்டால் அதில் கிராமுக்கு ஒரு கலோரி தேறுவதே அபூர்வம். ஒன்றரை டம்ளரையும் கழுத்துவரை நிரப்பினாலும் கணக்கு உதைக்கிறது. இந்தத் துண்டு விழும் தொகைக்குத்தான் இடைத்தீனி. ஒன்பது மாதத்திலிருந்து இரண்டு வயதுவரை மூன்று நான்கு வேளைச் சாப்பாடும், பிள்ளை விரும்பினால் ஒன்றிரண்டு முறை இடையில் சத்தான தீனியும் கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒன்றிரண்டு என்றுதான் எழுதியிருக்கிறது. ஏழு என்று படிப்பவர்கள் கண்ணாடியை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். "நாங்கள்லாம் மூணு வேளைதான் சாப்பிட்டோம். ஸ்நாக்ஸாவது ஒண்ணாவது!" இதைச் சொல்பவர் பெரும்பாலும் அறுபது கடந்தவராயும், ஒரு கையில் மிக்சர்த் தட்டு ஏந்தியவராயும் இருப்பார். தட்டில் பரிமாறியதை மட்டுமே அவர் நினைவு சாப்பாடாகக் கணக்கில் வைத்திருக்கிறது. பதினொரு மணிக்குக் குடித்த கூழ், மரத்தடியில் பொறுக்கிய நாவற்பழம், மார்கழி தையில் அவித்த பனங்கிழங்கு, களத்தில் அள்ளிய பச்சைக் கடலை, பக்கத்து வீட்டில் ஊட்டிய ஒரு வாய், இவையெல்லாம் கணக்கில் வராத வருமானம். எனவே இம்மறுப்பு தள்ளுபடி.

இனி வகைப்பாடு. சுண்டல் நல்லது, சிப்ஸ் கெட்டது என்று பண்டத்தை வைத்துப் பிரிப்பது பாமர முறை. அதில் பொய் இல்லை, ஆனால் பயனும் அதிகம் இல்லை. நல்ல சுண்டலை ஏழரை மணிக்குக் கொடுத்தாலும் தோசை அப்படியே கிடக்கும். நுட்பமான முறை, தீனி எவருடைய பசிக்காகப் பிறந்தது என்று பார்ப்பது. அப்படிப் பார்த்தால் இடைத்தீனி இரண்டே பெரும்பிரிவு: தின்பவர் பசியால் வருவது, கொடுப்பவர் பசியால் வருவது.

தின்பவர் பசி நான்கு. கடைவாசலில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டைக் கண்டதும் பிறப்பது கண்பசி. எதிர்வீட்டுப் பிள்ளை வாயசைப்பதைக் கண்டு பிறப்பது போட்டிப் பசி. மழைநாளில் விளையாட ஆளில்லாமல் பிறப்பது சும்மாப் பசி. எஞ்சிய ஒன்றுதான் வயிற்றுப் பசி. இதைக் கண்டறிய ஒரு சோதனை உண்டு. காலையில் மிஞ்சிய ஆறின இட்லியை நீட்ட வேண்டும். வாங்கித் தின்றால் வயிற்றுப் பசி. உதட்டைப் பிதுக்கி, "அது வேணாம், வேற" என்றால் மற்ற மூன்றில் ஒன்று.

கொடுப்பவர் பசிதான் பெரிய துறை. அதில் முதல் இனம் வாயடைப்புத் தீனி. ரேஷன் கடை வரிசை, வங்கி, டவுன் பஸ், அலுவலகத்து மேலாளரின் போன் அழைப்பு ஆகிய நான்கு இடங்களில் செழித்து வளரும். பெரும்பாலும் பிஸ்கட். பிள்ளைக்குப் பசி இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை, சத்தம் இருந்தது. அடுத்தது கையூட்டுத் தீனி. ஊசி போட்டுக்கொள்ள ஒன்று, போட்ட பிறகு அழாமல் இருக்க ஒன்று என்று முன்பணமும் பின்பணமுமாக வழங்கப்படும். லஞ்ச ஒழிப்புத் துறையின் கண்ணுக்கு இது இன்னும் படவில்லை. மூன்றாவது கழுவாய்த் தீனி. எட்டே முக்கால் மணிக்கு வீடு வரும் அப்பா, தாமதம் என்ற பாவத்தைக் கழுவக் கையில் கொண்டுவரும் பொட்டலம் இது. பிள்ளை தூங்கப்போகும் நேரத்தில் சர்க்கரையோடு விழித்துக்கொள்ளும். பாவம் கழுவப்பட்டது, பல் கழுவப்படவில்லை.

நான்காவது பரிவுத்தீனி. இதன் உற்பத்தி நிலையம் பாட்டி.

"அத்தை, இப்பத்தானே சாப்பிட்டான்?"

"எங்க சாப்பிட்டான், கொறிச்சான். வயிறு ஒட்டிக் கெடக்கு பாரு. நீ வா ராசா, ஆச்சி தர்றேன்."

பாட்டியின் உள்ளங்கை ஒரு அளவைக் கருவி. பேரன் வயிற்றில் அதை வைத்தால் எந்த நேரத்திலும் 'காலி' என்றே காட்டும். மூன்று இட்லிக்குப் பின்னும் அதுவே. கருவியில் பழுது இருக்கலாம் என்று சொல்லும் துணிவு எந்த மருமகளுக்கும் வந்ததாக நாம் அறியோம்.

ஐந்தாவதுதான் கொடியது: ஈடுகட்டுத் தீனி. இது பிறக்கும் முறையைக் கிட்டேயிருந்து பார்த்தால் விளங்கும். மாலை ஆறே முக்கால். நாலு வயதுப் பிள்ளை சமையல்கட்டுப் படியில் உட்கார்ந்து, ஒரு கைமுறுக்கைச் சுற்றுச் சுற்றாகக் கழற்றி, உடையாமல் வந்த ஒவ்வொரு சுற்றையும் விரலில் மோதிரமாக மாட்டிப் பார்த்துவிட்டுத் தின்கிறது. தொடர்ந்து இன்னொன்று. எட்டு மணிக்குத் தோசை வருகிறது. நடுவில் ஒரு விள்ளல் பிய்த்து, சட்னியில் தொட்டு, திரும்பத் தட்டிலேயே வைக்கிறது. "போதும்." அம்மா இன்னும் ரெண்டே வாய் என்கிறாள். மிரட்டலும் செல்போன் வீடியோவும் தோற்கின்றன. ஒன்பது மணிக்கு, "வெறும் வயித்தோட படுக்கக் கூடாது" என்று மாவு கலக்கிச் சர்க்கரை போட்ட பால் ஒரு டம்ளர் உள்ளே போகிறது. அது இரைப்பையில் ஏறக்குறைய பாதி. விடிந்ததும் இன்னொரு டம்ளர். பிறகு எட்டரை மணிக்கு இட்லி இறங்குமா? இறங்காததால் பத்து மணிக்கு ஸ்நாக்ஸ் டப்பா கூடுதல் கனத்தோடு போகிறது. சாப்பிடாததால் தீனி, தீனியால் சாப்பிடாமை.

இந்த இனத்துக்கு வேர் பயம். முதல் வருடத்தில் பிள்ளை ஏறக்குறைய ஆறு கிலோ ஏறுகிறது. இரண்டாம் வருடத்தில் இரண்டு, இரண்டரைதான். வளர்ச்சி நிதானப்பட்டதும் பசியும் நிதானப்படுகிறது. இயற்கை வேகத்தைக் குறைத்ததை வீடு நோயாக எடுத்துக்கொள்கிறது. 1991இல் லீஆன் பிர்ச் என்ற அமெரிக்க ஆய்வாளரும் கூட்டாளிகளும், 2 முதல் 5 வயதுவரையான 15 பிள்ளைகள் தின்றதை ஆறு நாட்கள் முழுதாக அளந்தார்கள். வேளைக்கு வேளை ஏற்ற இறக்கம் சராசரி 34 சதவீதம். நாளுக்கு நாள் பார்த்தால் 10 சதவீதம்தான். ஒரு வேளை குறைத்தால் இன்னொரு வேளை தானே சரிக்கட்டிக்கொண்டது பிள்ளை. நாம் ஒவ்வொரு தட்டிலும் கணக்கு முடிக்கப் பார்க்கிறோம், அது இருபத்துநாலு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் கணக்கு முடிக்கிறது.

பால் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அது வயிற்றை அடைத்துக்கொண்டால் கீரைக்கும் பருப்புக்கும் முட்டைக்கும் இடமில்லை. ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) ஆறு மாதம் முதல் 59 மாதம் வரையான இந்தியப் பிள்ளைகளில் 67 சதவீதம், தமிழ்நாட்டில் 57 சதவீதம் இரத்தசோகை உள்ளவர்கள். எல்லாப் பழியும் டம்ளர் மீதல்ல, என்றாலும் டம்ளர் நிரபராதியும் அல்ல.

பொழுது பற்றிச் சொல்ல வேண்டும். எலின் சாட்டர் என்ற அமெரிக்க ஊட்டச்சத்து நிபுணர் வேலையை இரண்டாகப் பங்கிட்டார். எதை, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பாடு. தின்பதா, எவ்வளவு என்பது பிள்ளை பாடு. நம் வீடுகளிலும் இதே பங்கீடுதான், ஆள் மட்டும் இடம் மாறிவிட்டது. எதை, எப்போது என்பதைத் தரையில் புரண்டு பிள்ளை முடிவு செய்கிறது. எவ்வளவு என்பதை 'ரெண்டே வாய்' அம்மா முடிவு செய்கிறாள். இதை நேராக்கினால் பதினொரு மணி, நாலு மணி என்று இரண்டு பொழுது நிற்கும். சாப்பாட்டுக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி. நடுவே தண்ணீர்.

பல்லும் இதையே கேட்கிறது. சர்க்கரை பட்ட சில நிமிடத்தில் வாய் புளித்து, பல் எனாமல் கரையும் எல்லையைத் தாண்டுகிறது. மீள அரைமணியோ அதற்கு மேலோ ஆகும். ஒரு மிட்டாயைப் பத்து நிமிடத்தில் தின்று முடிப்பதற்கும் மாலை முழுக்கக் கன்னத்தில் ஒதுக்கி வைப்பதற்கும் வித்தியாசம் அதுதான். சுவீடனில் 1945இல் தொடங்கிச் சில ஆண்டுகள், விபெஹோம் என்னுமிடத்தில், அறிவு வளர்ச்சி குன்றியோருக்கான இல்லத்தில், அங்கிருந்தவர்களைக் கேட்காமலே சோதித்தார்கள். சாப்பாட்டோடு சர்க்கரை பெற்றவர்களைவிட, இடையிடையே ஒட்டும் மிட்டாய் பெற்றவர்களின் பற்களே மிக அதிகமாக அழிந்தன. அறிவு கிடைத்த வழி வெட்கக்கேடு. அதன் பின்னர்தான் அந்த நாட்டில் மிட்டாய் சனிக்கிழமைக்கு மட்டும் என்ற வழக்கம் வேரூன்றியது.

பண்டங்களை விரைந்து கடப்போம். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் சத்துமாவை 'இணை உணவு' என்கிறது. சரியான வகைப்பாடு. உணவுக்கு இணையானது எதுவோ அதுவே இடைத்தீனி. சத்துமாவு உருண்டை, வாழைப்பழம், அவித்த முட்டை, குழிப்பணியாரம், குழைய வேகவைத்த சுண்டல் எல்லாம் இதில் அடங்கும். ஐந்து வயதுக்குள் முழு வேர்க்கடலை கூடாது, மூச்சுக்குழாயில் போகும். முழுத் திராட்சையை நீளவாக்கில் நறுக்க வேண்டும். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய் மட்டும் நம்மைச் சங்கடப்படுத்துகிறது. கடலையால் உணவு, பாகால் பல்லுக்குப் பகை, பருப்பு வடிவால் அபாயம். ஆறு வயதுக்குப் பிறகு மறுபரிசீலனை.

எல்லா இலக்கணத்துக்கும் புறனடை உண்டு. வயிற்றுப்போக்கிலிருந்து தேறிய பிள்ளைக்கு இரண்டு வாரம் நாளுக்கு ஒரு வேளை கூடுதலாகக் கொடுக்க வேண்டும், அங்கே இந்தப் பொழுதுக் கட்டுப்பாடு செல்லாது. நவராத்திரிச் சுண்டல், கல்யாண வீட்டு லட்டு, ரயில் ஜன்னலோரத்தில் அரைமணிக்கொருமுறை பிறக்கும் பசி ஆகியவற்றுக்கும் செல்லாது. ஊரிலிருந்து தாய்மாமன் பொரியுருண்டையோடு இறங்கினால் அவர் கண்ணெதிரே ஒன்றைப் பிள்ளை கையில் கொடுத்தே தீர வேண்டும், மணி ஏழரை ஆனாலும். மற்றதை டப்பாவில் போட்டு மறுநாள் நாலு மணிக்கு எடுக்கலாம். கடித்த பாதியைப் பிள்ளை வைத்துவிட்டுப் போன பிறகு, வீணாகக் கூடாதென்று அதை நின்றபடியே வாயில் போட்டுக்கொள்ளும் அம்மா அப்பாவின் தீனி, தனி நூல் எழுத வேண்டிய அளவுக்குப் பெரிய துறை.